கதவு மட்டும் வந்த வீடு

ஓசூர்ப் பக்கத்து ஏழைகளுக்கு அந்த நாட்களில் இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று யானை. இன்னொன்று உதவி. யானை ராகி அறுக்கிற பருவத்தில் மட்டும் வரும், தின்னும், போய்விடும். உதவி அப்படியில்லை. வந்தால் பந்தல் போடும், மைக் வைக்கும், சால்வை போர்த்தும், அப்புறம் போகவே போகாது.

செல்லிக்கு இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தன.

சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊர் அவளுடையது. புருஷன் தீர்த்தகிரி சிப்காட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் ஒப்பந்தக் கூலி. அவன் அதிகம் பேசமாட்டான். வீட்டுக்கு ஆகவேண்டிய பேச்சையெல்லாம் செல்லியே பேசி முடித்துவிடுவதால் அவனுக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. கார்த்திகைக் கடைசியில் ராகி மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கிவிட்டு, களத்தில் கிடந்த மிச்சத்துக்குக் காவலாக இருவரும் போயிருந்தார்கள். விடிந்து வந்து பார்த்தால் வீட்டைக் காணோம். ஒற்றை யானை ஒன்று வாசல் வழியாக நுழையப் பார்த்திருக்கிறது, தலை நுழையவில்லை, சுவர் வழியாக நுழைந்துவிட்டது. மூன்று சுவர்கள் யானை தள்ளி விழுந்தன. நாலாவது சுவர் தனியாக நின்று என்ன செய்வது என்று தானாகவே விழுந்துவிட்டது.

தீர்த்தகிரி உடையாத ஓடுகளையும் முறியாத மரச் சட்டங்களையும் பொறுக்கிப் புங்கமரத்தடியில் அடுக்கினான். அந்த ஊர் செங்கல் சூளைக்காரர் முனிராஜ் வந்தார்.

"என் சூளையில ரெண்டாந்தரக் கல்லு குமிஞ்சி கெடக்குது செல்லி. எடுத்துக்க. மண்ணு கொழைச்சி, ஊர்ல நாலு பேரு கூட நின்னா செவுரு எழும்பிடும். ஓடு உங்கிட்டயே இருக்குது. அப்புறம் என்னா."

அப்படி நடந்திருந்தால் பொங்கலுக்குப் புது வீட்டில் பால் பொங்கியிருக்கும். நமக்குத்தான் கதை கிடைத்திருக்காது.

செல்லிக்கு அவசரமும் இருந்தது. ஒரே மகள் அனிதாவை எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் கட்டிக்கொடுத்திருந்தாள். அனிதா முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனி மாசம் அழைத்து வரவேண்டும். சம்பந்தி சரோஜம்மாள் கன்னடக்காரி, கண்டிப்புக்காரி. செல்லி செய்தி சொல்லப் போனபோது அவள் சொன்னது ஒன்றுதான்: "நாலு செவுரு, ஒரு கூரை. அது இருந்தா ஆனியில நானே கூட்டியாந்து விடறேன். இல்லன்னா பிள்ளை இங்கயே பெறட்டும். தார்ப்பாய்க்கு அடியில என் பேரப்பிள்ளை பொறக்காது."

நியாயமான பேச்சு. செல்லி ஒப்புக்கொண்டாள். ஆறேழு மாசம் இருக்கிறதே, யானை இடித்த வீட்டை மனுஷன் கட்ட அவ்வளவு நாளா ஆகும் என்று நினைத்தாள். மனுஷர்களை அவள் இன்னும் சரியாகச் சந்தித்திருக்கவில்லை.

முனிராஜின் டிராக்டர் கல்லை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்று காலையில், அதற்கு முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. ஜீப்பின் நெற்றியில் ஒரு துணிப் பதாகை. 'ஓசூர் வட்டார ஒருங்கிணைந்த உதவிக்கரங்கள் கூட்டமைப்பு.'

இந்தக் கூட்டமைப்பு பிறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய வருஷம் பாகலூர் சாலையில் ஒரு விதவைக்கு ஏழு அமைப்புகள் தனித்தனியாக ஏழு தையல் எந்திரங்கள் கொடுத்துவிட்டன. எட்டாவதாக எந்திரத்தோடு போனவரை அந்தம்மா உட்காரவைத்து, காப்பி கொடுத்து, உங்களுக்கு ஒன்று வேண்டுமா என்று கேட்டுவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டும் வந்துவிட்டார். அந்த அவமானம் தாங்காமல் ஊரிலுள்ள சங்கங்கள், கிளப்புகள், தொழிற்சாலைகளின் நலப்பிரிவுகள், ஒரு அரைகுறை அரசு அலுவலகம் எல்லாம் சேர்ந்து இனிமேல் உதவியைக் கூடித்தான் செய்வது, தனியாக ஒருத்தரும் கை நீட்டக் கூடாது என்று சபதம் எடுத்தன.

அந்த ஜீப் செல்லியையும் தீர்த்தகிரியையும் ஏற்றிக்கொண்டு, முனிராஜின் டிராக்டர் பின்தொடர, கூட்டமைப்பின் கூட்டத்துக்காக நேரே வந்து நின்றது ஓசூரில் எங்கள் ஓய்வூதியர் சங்க மண்டபத்தில். மண்டபமும் நாற்காலியும் எங்களுடையவை என்பதால் எங்களில் ஒருவரையும் உறுப்பினராக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படித்தான் நான் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பென்ஷன் வாங்குகிற வயதில் இப்படி ஒரு வேடிக்கை இலவசமாகக் கிடைக்குமென்று நான் நினைக்கவே இல்லை.

தலைவர் மோகன்குமார். வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலையிலிருந்து அவர் வந்துவிட்டார், அவரிலிருந்து தொழிற்சாலை போகவில்லை. மேடையில் செல்லியையும் தீர்த்தகிரியையும் நடுவில் உட்காரவைத்து, அவர்களைக் காட்டிப் பேசினார்.

"நண்பர்களே, ஒரு வண்டியை ஒரே ஆள் செய்வதில்லை. ஒருவர் சக்கரம் மாட்டுவார், ஒருவர் விளக்கு மாட்டுவார், ஒருவர் பெயிண்ட் அடிப்பார். கடைசியில் வண்டி தானாக உருண்டு வெளியே வரும். வீடும் அதேதான். இந்த அம்மாவின் வீடு நம் லைனில் ஏறுகிற முதல் வண்டி. நான் முப்பது வருஷம் லைன் ஓட்டியவன். என் லைன் ஒருநாளும் நின்றதில்லை. வண்டி வராத நாட்களில்கூட லைன் ஓடியிருக்கிறது."

பலத்த கைதட்டல்.

"ஏழையை நேரே பார்த்து உதவிவிடுகிற பழைய பழக்கத்தை நாம் ஒழித்தாக வேண்டும். அதில் ஒரு ஒழுங்கே இல்லை. பசிக்கிறது என்றால் உடனே சோறு போட்டுவிடுகிறார்கள்."

இன்னும் பலத்த கைதட்டல். செல்லியும் தட்டினாள். எல்லாரும் தட்டுகிறார்களே என்று.

பிறகு வீட்டைப் பங்கு போட்டார்கள். கிரானைட் ஏற்றுமதி செய்கிற ஜெகதீஷ், ஊரின் பெரிய கிளப்புக்கு அந்த வருஷத் தலைவர். அவர் முந்திக்கொண்டு கதவை எடுத்தார். கதவில் பித்தளைத் தகடு அடிக்கலாம், பெயர் பொறிக்கலாம், போட்டோவில் நன்றாக விழும். மகளிர் அமைப்பின் தலைவி ஜோதிமணி, கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், திரைச்சீலை எடுத்துக்கொண்டார். ஒரு தொழிற்சாலையின் நலப்பிரிவு மழைநீர் சேகரிப்புத் தொட்டியை எடுத்தது. ஒரு நகைக்கடைக்காரர் சங்கம் வாசலில் போடுகிற 'நல்வரவு' கால்மிதியை எடுத்தது. மின்சாதன வியாபாரிகள் அழைப்பு மணியை எடுத்தார்கள். அடிக்கல் நாட்டுவதற்கு மட்டும் பெரிய போட்டி. கடைசியில் ஆளுக்கொரு நாள் நாட்டலாம் என்று சமாதானமானார்கள்.

செல்லி பக்கத்திலிருந்த மைக்கை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "சார், செவுரு யாருதுங்க?"



ஜெகதீஷ்தான் முதலில் வாய் திறந்தார். "சுவத்துல பேரு எழுதினா, வெள்ளை அடிக்கறப்ப போயிடுமே?"

"கூரை?" என்றாள் செல்லி.

"கூரை மேல எழுதினா காக்காதாங்க படிக்கும்," என்றார் ஜோதிமணி, உண்மையான வருத்தத்தோடு.

மோகன்குமார் எழுந்து, சுவரும் கூரையும் எல்லாருக்கும் பொதுவான பங்கு என்று அறிவித்தார். எல்லாருக்கும் பொதுவானது எவ்வளவு உயர்ந்தது என்று எல்லாரும் சேர்ந்து கைதட்டினார்கள். இந்தமுறை செல்லி தட்டவில்லை.

வாசலில் நின்றிருந்த முனிராஜ் கையைத் தூக்கினார். "செவுத்துக்குக் கல்லு எங்கிட்ட இருக்குதுங்க. வண்டியிலயே ஏத்தி வெச்சிருக்கறேன். நானே தர்றன்."

அரசு அலுவலகத்தின் சார்பில் வந்திருந்த நாராயணப்பன் எழுந்தார். ஒருங்கிணைப்பு நல அலுவலர் என்று அவருக்குப் பதவி. எதற்குக் கோபம் வந்தாலும் குரல் இன்னும் தணிந்துபோகிற மனிதர். "அய்யா, நீங்க எந்த அமைப்பு?"

"நான் அமைப்பு இல்லீங்க. பக்கத்து வீடு."

"அப்ப நீங்க கொடுக்கிறது உதவி ஆகாது. தலையீடு. இந்தம்மா ஏற்கெனவே உதவி பெறுகிற பயனாளி. பெறுகிறவருக்கே மறுபடி கொடுத்தால் இரட்டிப்பு. இரட்டிப்பைத் தடுக்கத்தான் இந்தக் கூட்டமைப்பே. கல்லை இறக்கினீங்கன்னா நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்."

"இன்னும் ஒண்ணுமே குடுக்கலியேங்க?"

"கொடுக்கப்போகிறோம் இல்லையா?" என்றார் நாராயணப்பன், பொறுமையாக.

முனிராஜ் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

லைன் ஓட ஆரம்பித்தது.

முதலில் வந்தது அடிக்கல். ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று அமைப்புகள் பந்தல் போட்டு ஆளுக்கொரு கல் நாட்டின. ஜெகதீஷின் பட்டறையில் அறுத்த கறுப்பு கிரானைட், தங்க எழுத்து, தலைவர் பெயர், செயலாளர் பெயர், தலைவரின் துணைவியார் பெயர். தை முடிவதற்குள் செல்லியின் மனையில் நாட்டப்பட்ட கற்களைப் பார்த்து, அந்த வழியாகப் போனவர்கள் அது சுடுகாடு என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். நாட்டிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாலே ஒரு சுவர் வந்திருக்கும். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. செல்லி நினைத்தாள். நினைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அப்புறம் திரைச்சீலை வந்தது. ஜோதிமணியம்மாள் தானே வந்து அளவெடுத்தார். ஜன்னல் எங்கே என்று கேட்டார். செல்லி காற்றில் ஒரு இடத்தைக் காட்டினாள். அந்த இடத்தையும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டு, "ஏனுங், மஞ்சப் பூப் போட்டது எடுக்கட்டுங்ளா, செவப்புங்ளா?" என்று கேட்டார். நல்ல மனுஷி. சுவருக்கு எந்த நிறம் பொருந்தும் என்று கேட்டபோதுதான் செல்லிக்கு அழுகை வந்தது.

மழைநீர்த் தொட்டி வந்தது. கூரையில் விழுகிற தண்ணீர் குழாய் வழியாக இறங்கித் தொட்டியில் சேரவேண்டும். கூரை இல்லாததால் குழாயை ஒரு கம்பத்தில் கட்டி வானத்தைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் மனநல ஆலோசனை. யானையால் பாதிக்கப்பட்டவர் யானையை மன்னித்தால்தான் உள்ளம் ஆறும் என்று பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள் வந்து, ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் யானை உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னார்.

"யானைய நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேங்க மேடம்," என்றாள் செல்லி. "அதுக்குப் பசி. வந்துச்சி, தின்னுச்சி, போயிடுச்சி. ஒரு வார்த்தை பேசல."

இத்தனை நாளும் அவர்கள் குடியிருந்தது ஒரு நீலத் தார்ப்பாய்க்கு அடியில். நாராயணப்பனின் அலுவலகம் முதல் வாரத்தில் கொடுத்தது. கூட்டமைப்பு கொடுத்தவற்றிலேயே உபயோகப்பட்ட ஒரே பொருள் அதுதான். அதனால்தான் அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

சித்திரை போய் வைகாசியும் முடியப் போனது. அனிதாவுக்கு அத்திப்பள்ளியில் வளையல் போட்டார்கள். செல்லி தீர்த்தகிரியையும் கூட்டிக்கொண்டு, வளையலும் புளிசாதமுமாகப் போய் வந்தாள். புறப்படும்போது அனிதா வாசல்வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செவுரு வந்துட்டுதாம்மா?"

"வந்துட்டே இருக்குது கண்ணு."

"எனக்கு இங்க பயமா இருக்குதும்மா. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா வலி வந்தா உன்னத்தான் கூப்பிடுவேன்."

செல்லி பஸ்ஸில் திரும்பி வரும்போது எல்லைச் சோதனைச்சாவடி முதல் ஓசூர் பஸ் நிலையம் வரை யாருடனும் ஒரு வார்த்தை பேசவில்லை. தீர்த்தகிரி பயந்துவிட்டான்.

வீடு திரும்பினால், மனையின் நடுவில் ஒரு கதவு நின்றிருந்தது.

கிளப்புகளில் ஒரு வழக்கம். தலைவர் பதவி ஜூன் கடைசியோடு முடியும். ஜூலை ஒன்றாம் தேதி புதுத் தலைவர் வந்துவிடுவார். ஜூன் மாசத்துக்குள் முடியாத நற்பணி புதுத் தலைவர் கணக்கில் போய்ச் சேரும். ஜெகதீஷுக்கு அந்த நினைப்பே தூக்கத்தைக் கெடுத்தது. சுவர் வரட்டும் என்று காத்திருந்தால் கதவு அடுத்தவன் பெயரில் திறக்கும். ஆகவே ஆட்களை அனுப்பி, தேக்கு நிலையைத் தரையில் கான்கிரீட் போட்டு நிறுத்தி, கதவை மாட்டி, பூட்டும் சாவியும் தாழ்ப்பாளும் வைத்து முடித்துவிட்டார். முன்னாலும் வெட்டவெளி, பின்னாலும் வெட்டவெளி, நடுவில் கதவு. பக்கத்தில் அழைப்பு மணிப் பொத்தான். கீழே 'நல்வரவு'. நிலையின் மேற்சட்டத்திலிருந்து மஞ்சள் பூத் திரைச்சீலை தொங்கியது. ஊர் ஆடுகளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாள் கழித்து அவையும் கதவைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டன.

மறுநாள் நாராயணப்பன் ஆய்வுக்கு வந்தார். கதவைத் திறந்து பார்த்தார். மூடிப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டு இழுத்துப் பார்த்தார். பரம திருப்தி.

"கதவு இருக்கிறது. கதவு இருந்தால் வீடு இருக்கிறது என்றுதான் விதி. இன்று முதல் நீங்கள் வீடு உள்ளவர் என்று பதிவு செய்துவிட்டேன். வாழ்த்துகள்."

"செவுரு இல்லீங்களே சார்?"

"பதிவில் சுவர் இருக்கிறதம்மா. சுவர் இல்லாமல் கதவு எப்படி நிற்கும்? தர்க்கரீதியாக யோசியுங்கள்." பிறகு ஜீப் ஓட்டுநரைக் கூப்பிட்டு, "அந்தத் தார்ப்பாயை மடித்து ஏற்று. வீடு உள்ளவர்களுக்குத் தார்ப்பாய் கிடையாது," என்றார்.

தார்ப்பாய் போன அன்றைக்கே மழை வந்தது. தீர்த்தகிரியும் செல்லியும் கதவு நிலைக்கு அடியில் ஒண்டி நின்றார்கள். அடித்த மழை பூராவும் அவர்கள் மேல்தான் விழுந்தது. மழைநீர்த் தொட்டியில் சொட்டுக்கூடச் சேரவில்லை.

அந்த ஈரம் காய்வதற்குள் சரோஜம்மாள் முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினாள். சம்பந்தி வீடு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கத்தான். கதவுக்கு முன்னால் நின்றாள். பின்னால் போய் நின்றாள். மறுபடி முன்னால் வந்தாள்.

"மனெ எல்லி? பாகிலு மாத்ர இதெ," என்றாள். வீடு எங்கே, கதவு மட்டும்தானே இருக்கிறது என்று அர்த்தம். எந்த மொழியில் கேட்டாலும் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி.

"சம்மந்தியம்மா, இன்னும் கொஞ்சம் நாளு..."

"ஆனி பொறக்கப் போவுது. மொத ஞாயித்துக்கெழம கூட்டியாருவேன். செவுரு நின்னா விட்டுட்டுப் போறேன். இல்லன்னா அதே பஸ்ல திரும்பக் கூட்டிப் போறேன். பொண்ணு முகத்தப் பாத்துட்டு நீயே சொல்லிக்கோ."

செல்லி ஓசூருக்கு நடந்தே போனாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. மோகன்குமார் வீட்டு வரவேற்பறையில் நின்றபடி, தனக்கு உதவி எதுவும் வேண்டாம், தன்னை விட்டுவிட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டாள். முனிராஜண்ணன் கல்லை வாங்கி அவளே கட்டிக்கொள்வாள்.

மோகன்குமாருக்கு நிஜமாகவே மனசு புண்பட்டுவிட்டது. "அம்மா, லைனில் ஏறின வண்டி பாதியில் இறங்க முடியாது. நீங்கள் இறங்கிவிட்டால், இத்தனை அமைப்புகளும் யாருக்கு உதவும்? அவர்கள் நிலைமையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? வர்ற ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்கிற விழா. கிளப்புகளுக்கெல்லாம் மேலே இருக்கிற மண்டலத் தலைவரே வருகிறார். அன்றைக்கு மட்டும் சிரித்த முகமாக இருங்கள். சுவரைப் பற்றி அப்புறம் ஒரு துணைக்குழு போடுகிறோம்."

வர்ற ஞாயிற்றுக்கிழமை. சரோஜம்மாள் சொன்ன அதே ஞாயிற்றுக்கிழமை.

செல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சிரிச்ச முகமா இருக்கறேங்க சார்," என்றாள். அன்று முதல் அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். தீர்த்தகிரி இன்னும் அதிகமாகப் பயந்துவிட்டான்.

விழா நாள். பந்தல், நாற்காலி, நாதஸ்வர ஒலிப்பெட்டி. தங்கக் காகிதம் ஒட்டின, ஆள் உயர அட்டைச் சாவி ஒன்று. மண்டலத் தலைவர் சேலத்திலிருந்து கோட்டும் டையுமாக வந்திறங்கினார். ஏற்பாடு என்னவென்றால், செல்லியும் தீர்த்தகிரியும் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். விருந்தினர் மணி அடிப்பார். மணிக்கு மின்சாரம் இல்லாததால் ஒருவர் வாயால் 'டிங் டாங்' என்பார். செல்லி கதவைத் திறந்து ஆரத்தி எடுக்க, விருந்தினர் உள்ளே போய் அட்டைச் சாவியைக் கொடுப்பார். கைதட்டல், போட்டோ, சாப்பாடு.

டிங் டாங் என்றார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அதன்மேல் பூட்டும் விழுந்தது.

மறுபடி டிங் டாங்.

"யாருங்க அது?" என்றது செல்லியின் குரல்.

"அம்மா, நான்தான், மோகன்குமார். கதவைத் திறங்க. விருந்தினர் வந்திருக்கார்."

"வீட்டுல கொஞ்சம் வேலையா இருக்கறோமுங்க. வெளிய ஒக்காருங்க."

ஜெகதீஷ் கதவைச் சுற்றிப் போய்விடலாம் என்று வலது பக்கமாக நாலு எட்டு வைத்தார். நாராயணப்பன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரல் காற்றாகத் தணிந்திருந்தது. "சார், போகாதீங்க. அங்க சுவர் இருக்கு."

"எங்கய்யா இருக்கு?"

"பதிவில் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். பூட்டின வீட்டுக்குள்ள சுவர் வழியா நுழைஞ்சா அது அத்துமீறல். நாலு பேர் முன்னால, அதுவும் ஒரு குடும்பஸ்திரீ வீட்டுல. கிளப் பேர் என்ன ஆகும்? அதைவிட, சுவர் இல்லைன்னு ஆகிட்டா என் வேலை என்ன ஆகும்?"

ஜெகதீஷ் வைத்த எட்டுகளைத் திரும்ப வைத்து வந்தார். இரண்டு ஆடுகள் அவர்கள் கண்ணெதிரே கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயின. அவற்றுக்கு விதி தெரியாது.

அப்போதுதான் பின்பக்கமிருந்து டிராக்டர் சத்தம். முனிராஜ் கல்லோடு வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே மண்வெட்டியும் கரணையும் சாந்துச் சட்டியும் குடமுமாக ஊரே வந்தது. முதல் கல்லை வைக்கப்போன முனிராஜை செல்லி தடுத்தாள்.

"மொதல்ல அதுங்கள எடுங்கண்ணா," என்று அடிக்கற்களைக் காட்டினாள். "அடியில வெக்கத்தான குடுத்தாங்க."

கறுப்பு கிரானைட் பலகைகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வந்து நீள விளிம்பில் நின்று, நாலு பக்கமும் சுவருக்கு முதல் வரியாயின. தங்க எழுத்து உள்பக்கம் பார்த்த மாதிரி வைக்கச் சொன்னாள். அதன்மேல் செங்கல்.

"இரட்டிப்பு! இது இரட்டிப்பு!" என்றார் நாராயணப்பன், வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தி.

"சார்," என்றாள் செல்லி கதவின் பின்னிருந்து, "இருக்கற செவுத்துக்குப் பூசு வேலை நடக்குது. வீட்டுக்காரி வீட்டுக்குள்ள பூசக் கூடாதுன்னு ஏதாவது விதி இருக்குதுங்களா?"

நாராயணப்பன் யோசித்தார். இல்லை. பதிவின்படி அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி.

கூட்டமைப்பு அங்கேயே, பந்தலில் அவசரக் கூட்டம் போட்டது. கதவைத் தட்டலாமா, தட்டினால் எந்த அமைப்பு தட்டுவது, கதவு கிளப்புடையதா பயனாளியுடையதா, மண்டலத் தலைவர் நிற்கலாமா உட்காரலாமா. முதல் தீர்மானம் முன்மொழியப்பட்டபோது சுவர் முழங்கால் உயரம். அது வழிமொழியப்பட்டபோது இடுப்பு உயரம். ஒரு திருத்தம் வந்தது, மார்பு உயரம். நான் கூட்டிச் சொல்வதாக யாராவது நினைத்தால், கூட்டமைப்பின் தீர்மானம் ஒன்று நிறைவேற எவ்வளவு நேரமாகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஜோதிமணியம்மாள் மட்டும் கூட்டத்திலிருந்து நைசாக எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடு போன வழியாகவே போய்விட்டார். "சன்னலுக்கு எடம் உடோணுமுங்க, நாந்தான அளவெடுத்தேன்," என்று உள்ளே அவர் குரல் கேட்டது.

சரோஜம்மாள் அனிதாவோடு வந்து சேர்ந்தபோது சுவர் தலைக்கு மேல் போயிருந்தது. தீர்த்தகிரி சாரத்தின்மேல் நின்று மரச்சட்டம் ஏற்றிக்கொண்டிருந்தான். கூரை ஏறவில்லை. அனிதாவின் முகம் வாடிவிட்டது. சரோஜம்மாள் பார்த்தாள். பூட்டின கதவு. அதன் வெளியே கோட்டுப் போட்டவர், டை கட்டினவர், ஜீப்பில் வந்தவர், அட்டைச் சாவி பிடித்தவர் என்று பெரிய மனுஷர்களாக வரிசை கட்டி வெயிலில் நிற்கிறார்கள். ஒருத்தர்கூட உள்ளே போகவில்லை.

கன்னடத்தில் வழி விடச் சொன்னாள். விலகினார்கள். கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"யாருங்க?"

"சம்மந்தி."

பூட்டுத் திறந்தது. கதவும் திறந்தது. செல்லி ஆரத்தித் தட்டோடு நின்றாள், விருந்தினருக்கென்று கரைத்த அதே ஆரத்தி. மண்டலத் தலைவர் தனக்குத்தான் என்று ஒரு எட்டு முன்னால் வந்தார். செல்லி மகளுக்குச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, "வலது காலு எடுத்து வெச்சி வா கண்ணு," என்றாள். அனிதா 'நல்வரவு' மேல் கால் வைத்து உள்ளே போனாள். கால்மிதி அன்றைக்குத்தான் முதல்முதலாக உபயோகப்பட்டது.

"கூரை இல்லியே," என்றாள் சரோஜம்மாள், உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து.

"பொழுது சாய்றதுக்குள்ள ஓடு ஏறிடும் சம்மந்தியம்மா. அதுவரைக்கும்..."

"ஏறட்டும்." சரோஜம்மாள் பையைக் கீழே வைத்தாள். "அவ்வளவு பெரிய ஆளுங்கள வெளிய நிறுத்தி வெச்சிருக்கிற வீடு. இனிமே யானை வந்தாலும் உள்ள வராது. பொண்ணு இருக்கட்டும்."

செல்லி வெளியே எட்டிப் பார்த்தாள். மோகன்குமார் அட்டைச் சாவியைத் தூக்கிக் காட்டி, ஒரே ஒரு போட்டோ மட்டும் என்றார். அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள், வாக்குக் கொடுத்தபடி. சிரித்த முகமாகவே கதவைச் சாத்தினாள்.

அந்த வருஷத்து அறிக்கையில் கூட்டமைப்பு எழுதிக்கொண்டது: 'சுவரும் கூரையும் பயனாளியின் மனப்பூர்வமான பங்களிப்பு.' அதை அவர்களிடமிருந்து பிடுங்க யாரும் போகவில்லை. அனிதாவுக்கு ஆடியில் பெண் குழந்தை. பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்து, அதே கதவு வழியாக வீட்டுக்கு வந்தது.

ஆனால் சங்கதி அதோடு முடியவில்லை. அடிக்கல்லில் பெயர் பொறித்த தலைவர்களுக்கு விருது கேட்க, கல்லின் படம் வேண்டும். கல் வீட்டுக்குள் இருக்கிறது. எழுத்தும் உள்பக்கம் பார்த்து இருக்கிறது. ஒவ்வொருவராகத் தனித்தனியே, மற்றவருக்குத் தெரியாமல் வந்து கதவைத் தட்டினார்கள். செல்லி யாரையும் விரட்டவில்லை. உள்ளே விடுவாள், படம் எடுக்க விடுவாள். வெறுங்கையோடு வந்தால் மட்டும் விடமாட்டாள். அப்படித்தான் குளியலறைக்குச் செங்கல் வந்தது, மாட்டுக் கொட்டகைக்கு ஓடு வந்தது, முனிராஜுக்கு அவர் கல்லுக்குக் கல் திரும்பி வந்தது.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். வாசலில் மோகன்குமாரின் கார் நின்றிருந்தது. டிக்கியிலிருந்து அவரே தன் கையால் ஒரு சிமெண்ட் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது, பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்திருந்த அனிதாவின் மகள்.

"யாருங்க அது? என்னா கொண்டாந்திருக்கீங்க?"